கொள்ளிடம் உடைந்து தெரிந்த நாள்

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ஊரைச் சுற்றியுள்ள பேருந்து நிறுத்தங்களை உலாவியில் காட்டும் ஒரு வரைபடத்தைச் செய்முறைப் பாடத்துக்காகச் செய்ய வேண்டியிருந்தது. ஊர் திருச்சிக்கு வடக்கே, கொள்ளிடத்தைத் தாண்டி, லால்குடிப் பக்கம். தரவுக்கு, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பையும், அதை வரைவதற்கு ஒரு திறமூல நூலகத்தையும் (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் ஆயத்த நிரல் தொகுப்பு) எடுத்துக்கொண்டு, பெயர்கள் தமிழில் தெரியும்படி ஒரு வரியை மாற்றிவிட்டுப் பார்த்தேன். ஆற்றின் மேல் 'கொள்ளிடம்' என்று வர வேண்டிய இடத்தில் முதலில் வெறும் ககரமும், அதற்குப் பின்னால் ஒற்றைக்கொம்பும், அதை ஒட்டித் துணைக்காலும் வந்து நின்றன. லால்குடியில் உள்ள 'கு' இரண்டாகப் பிரிந்து, ககரம் ஓரிடத்திலும் உகரச் சுழி ஓரிடத்திலுமாகக் கிடந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சிலேட்டில் கொம்பை மறந்துவிட்டுப் பிறகு இடுக்கில் திணித்ததைப் போல இருந்தது அந்த ஆறு.

எனக்குக் கோபம் வந்தது. அன்றிரவே, அந்த நூலகத்தின் நிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தில் கணக்குத் தொடங்கி, பிழைகளைத் தெரிவிக்கும் அதன் இஷ்யூ பட்டியலில், தமிழ் வேலை செய்யவில்லை, உடனே சரிசெய்யவும் என்ற பொருளில் இரண்டு வரி ஆங்கிலத்தில் எழுதிவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் இஷ்யூ மூடப்பட்டிருந்தது. வேறொரு மொழிக்காரர் பல ஆண்டுகளுக்கு முன்பே இதே சிக்கலை எழுதியிருந்ததால், பராமரிப்பாளர் ஒருவர் அந்தப் பழைய இஷ்யூவின் இணைப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தேடிப் பார்க்காமல் எழுதியது என் தவறு. ஆனால் அன்றைக்கு எனக்கு அது அவமானமாகவே பட்டது.

விடுதியில் எனக்கு ஓராண்டு மூத்தவரான ஓர் அக்காவிடம் புலம்பினேன். அவர் திறமூல வேலைகளில் பழகியவர். என் இரண்டு வரியைப் படித்துவிட்டு, "இதுல நீ என்ன பார்த்தேன்னே இல்லையே. அவங்களுக்குத் தமிழ் தெரியாது. உடைஞ்சு கிடக்கிறதும் சரியா இருக்கிறதும் அவங்க கண்ணுக்கு ஒண்ணுதான்" என்றார். நான் அடுத்த இரண்டு ஆண்டுகளில் செய்த வேலைகள் எல்லாம் ஏறத்தாழ அந்த ஒரு சொல்லிலிருந்து வந்தவை. அந்தத் திட்டத்தில் என்னைவிட நூறு மடங்கு நிரல் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் கொள்ளிடம் தவறாக இருக்கிறது என்பதைப் பார்த்தவுடன் சொல்லக்கூடிய கண் அவர்களிடம் இல்லை.

ஆகவே முதலில் காரணத்தைத் தேடினேன். உலாவியின் நெட்வொர்க் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு வரைபடத்தை ஏற்றினால், 2816-3071 என்ற பெயரில் ஒரு கோப்பு இறங்குவது தெரிந்தது. யூனிகோடில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. வரைபடத்தைப் படமாக அல்லாமல் தரவுத் துண்டுகளாக (வெக்டர் டைல்கள்) வாங்கி உலாவியிலேயே வரையும் இத்தகைய நூலகங்கள் எழுத்துருவை 256 எண்கள் கொண்ட துண்டுகளாக நறுக்கி, தேவைப்படும் துண்டை மட்டும் இறக்கிக்கொள்கின்றன. 2816 முதல் 3071 வரையிலான துண்டில் முதல் பாதி ஒடியாவுக்கும் இரண்டாம் பாதி தமிழுக்கும் உரியவை. ஓர் எண்ணுக்கு ஒரு படம் என்ற கணக்கில் எடுத்து, வந்த வரிசையிலேயே இடமிருந்து வலமாக ஒட்டிக்கொண்டு போவதுதான் அந்த நூலகம் செய்த வேலை. லத்தீன் எழுத்துக்கு இது போதும். தமிழில் 'கெ' என்பது 2965-ஆம் எண்ணான ககரம், பிறகு 3014-ஆம் எண்ணான ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் மட்டும் கொம்பு முன்னால் வர வேண்டும். அதைப் போலவே கு, சு, டு, து என்று ஒவ்வொன்றிலும் உகரம் வேறு வேறு வடிவம் எடுக்கிறது. இந்த மாற்றங்களுக்கான விதிகள் எழுத்துருக் கோப்புக்குள் இருக்கின்றன; அவற்றைப் படித்து எழுத்துகளை இடம் மாற்றிக் கோப்பதற்குத் தனி மென்பொருள் வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தின் வழக்கமான வரைபடத்தை வரையும் மேப்னிக் என்ற மென்பொருள், ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தைக் கொண்டு இதைச் செய்துகொள்வதால், அங்கே தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. எழுத்துருவைத் துண்டாக நறுக்கிய இடத்தில் அந்த விதிகள் கழன்று விழுந்துவிட்டன.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. புரிந்தபின் பழைய இஷ்யூவிலேயே மீண்டும் எழுதினேன். இந்த முறை 'கெ' என்ற ஒரே எழுத்தை எடுத்துக்கொண்டேன். சரியான படத்தையும் உடைந்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தத் துண்டு 1, எந்தத் துண்டு 2 என்று சிவப்பு மையில் எண் இட்டு, படிப்பவருக்கு அது எப்படித் தோன்றும் என்பதை ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றிக் காட்டி விளக்கினேன். உலாவியின் பதிப்பு, எழுத்துருவின் பெயர், அந்தப் பிழையை மட்டும் காட்டும் பதினைந்து வரிப் பக்கம் ஒன்று ஆகியவற்றையும் இணைத்தேன். இரண்டு நாளில் நான்கு பேர் பதில் எழுதினார்கள். வங்காள எழுத்திலும் கம்போடியாவின் கெமர் எழுத்திலும் இதே சிக்கல் எப்படித் தெரிகிறது என்று மற்றவர்கள் வந்து படங்களைச் சேர்த்தார்கள். அந்தப் பெரிய சிக்கலைத் தீர்க்கும் திறன் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இருந்தாலும் ஒரு பிழையை இவ்வளவு சிறிதாக நறுக்கிக் கொடுப்பதே பங்களிப்புதான் என்று பராமரிப்பாளர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தபிறகு, நிரல் எழுதித்தான் உள்ளே நுழைய வேண்டும் என்ற எண்ணம் போய்விட்டது.

வரைபட மென்பொருளுக்குள் வர விரும்பும் மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது, சில வாரங்களாவது வரைபடத்தைத் தொகுத்துப் பாருங்கள் என்பதுதான். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய திட்டம். யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி, உலாவியிலேயே ஐடி என்ற தொகுப்பியைத் திறந்து தன் தெருவை வரையலாம். என் தொடக்கம் அங்கேயும் சறுக்கல்தான். எங்கள் ஊர்த் தெருப் பெயர்களை ஒரு வணிக வரைபடத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்து நாற்பது தெருக்களுக்கு ஏற்றினேன். மறுநாள் அனுபவமுள்ள தொகுப்பாளர் ஒருவர் என் மாற்றத்தொகுப்பின் கீழே, இந்தப் பெயர்களுக்கு மூலம் எது என்று அமைதியாகக் கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். பதிப்புரிமை உள்ள வணிக வரைபடத்திலிருந்து பார்த்து எழுதுவது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கூடாது என்று விளக்கிவிட்டு, நாற்பதையும் அவர் நீக்கினார். வான்வழிப் படங்களில், அனுமதி தரப்பட்ட சிலவற்றை மட்டும் பார்த்து வரையலாம்; மைக்ரோசாஃப்டின் பிங் படங்களுக்கு 2010-இலிருந்து அந்த அனுமதி இருக்கிறது. பெயர்களுக்கு நேரில் போய்ப் பலகையைப் பார்க்க வேண்டும், அல்லது ஊராரைக் கேட்க வேண்டும்.

ஊராரைக் கேட்டேன். வரைபடத்தில் எங்கள் வயலை ஒட்டி ஓடும் நீர்வழி, பெயரில்லாமல், ஆறு என்று குறிக்கப்பட்டிருந்தது. "அதை யாருடா ஆறுன்னு போட்டது? அய்யன் வாய்க்கால்னு சொன்னா சின்னப் பிள்ளைக்கும் தெரியும்" என்றார் அப்பா. ஆறு என்ற குறிச்சொல்லைக் கால்வாய் என்று மாற்றி, பெயரையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்தேன். அந்த மாற்றத்தைச் செய்யும்போதுதான் ஐடியில் 'வாய்க்கால்' என்று தமிழில் தேடினால் எதுவும் கிடைக்கவில்லை என்பதைக் கவனித்தேன். பயன்படுத்துகிறவனின் கை எங்கே தடுக்குகிறதோ அங்கேதான் அடுத்த வேலை இருக்கிறது. ஐடியின் மொழிபெயர்ப்பு டிரான்சிஃபெக்ஸ் என்ற தளத்தில் நடக்கிறது. அங்கே ஒவ்வொரு வகைக்கும் பெயரோடு, தேடும்போது உதவும் மாற்றுச் சொற்களையும் எழுத இடம் உண்டு. ஏரி, குளம், கண்மாய், ஊருணி, வாய்க்கால், மடை என்று எழுதி நிரப்பிய அந்த வாரம் எனக்கு மிகவும் பிடித்த வாரம்.

மொழிபெயர்ப்பை எளிய வேலை என்று நினைத்து வருகிறவர்கள் அகராதியை வைத்துக்கொண்டு வருகிறார்கள். வரைபடங்களைத் தயாரிக்கவும் ஆராயவும் உதவும் கியூஜிஐஎஸ் மென்பொருளின் இடைமுகத்தில் 'ஃபீச்சர்' என்ற சொல் நூற்றுக்கணக்கான இடங்களில் வரும். அதை 'வசதி' என்றோ 'சிறப்பம்சம்' என்றோ எழுதினால் அகராதிப்படி சரியாக இருக்கலாம். ஆனால் அங்கே அந்தச் சொல் ஒரு கிணற்றையோ ஒரு சாலையையோ ஒரு வயலையோ குறிக்கிறது. 'மூன்று வசதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன' என்று திரையில் வந்தால் படிப்பவர் என்ன நினைப்பார்? நாங்கள் 'கூறு' என்று வைத்தோம். அதைப் போலவே புள்ளிகளை இணைத்து வரைந்த கோட்டைக் குறிக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் 'வே' என்பதை 'வழி' என்று எழுதுகிற ஆசை வரும். ஒரு வீட்டின் சுற்றுக்கோடும் அங்கே 'வே'தான். வீட்டை வழி என்று சொல்ல முடியாது. மொழிபெயர்க்க வேண்டிய சில வரிகளில், பிறகு எண்கள் வந்து உட்காரும் %1, %2 என்ற இடங்காட்டிகள் வரும். இத்தனையில் இத்தனை என்பதை ஆங்கிலத்தில் சிறிய எண்ணை முன்னால் வைத்துச் சொல்கிறார்கள், தமிழில் '%2 கூறுகளில் %1' என்று திருப்பிப் போட்டால்தான் வாக்கியம் நிற்கும். கியூஜிஐஎஸ் தன் இடைமுகத்துக்குப் பயன்படுத்தும் கியூடி அமைப்பில் இப்படித் திருப்பலாம். இது தெரியாமல் பலர் ஆங்கில வரிசையிலேயே இழுத்துக் கட்டுகிறார்கள்.

கியூஜிஐஎஸ் பற்றிச் சொல்லும்போது ஒரு சிறு எச்சரிக்கை. அதன் மூல நிரல் சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதப்பட்ட பெரிய கடல். அதை முழுவதும் கம்பைல் செய்தால்தான் (கணினியில் ஓடும் வடிவத்துக்கு மாற்றினால்தான்) பங்களிப்பாளர் ஆக முடியும் என்று நம்பி, 4 ஜிபி நினைவகம் உள்ள என் மடிக்கணினியில் செயலியின் எல்லா கோர்களையும் ஓடவிட்டேன். ஒரு மணி நேரத்தில் கணினி உறைந்துபோய், பொத்தானை அழுத்தி அணைக்க வேண்டியதாயிற்று. ஒரே கோரில் ஓடவிட்டு, மின்விசிறிக்குக் கீழே வைத்து, இரவு முழுவதும் காத்திருந்து ஒருமுறை முடித்தேன். பிறகு அதைத் தொடவே இல்லை. கியூஜிஐஎஸ்ஸோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்களான செருகுநிரல்கள் பைத்தானில் எழுதப்படுபவை. ஒரு கோப்புறைக்குள் கோப்புகளை வைத்து மீள ஏற்றினால் போதும், கம்பைல் என்ற பேச்சே இல்லை. சுமாரான கணினி உள்ள மாணவருக்குச் செருகுநிரல்தான் சரியான வாசல். திறமூலத் திட்டங்களில் புதியவர்கள் உதவித்தொகையோடு நிரல் எழுத வாய்ப்புத் தரும் கூகுள் சம்மர் ஆஃப் கோடில் ஓஎஸ்ஜியோ அமைப்பு தன் குடைக்கீழ் பல புவியியல் மென்பொருள்களுக்கு இடம் தருவதால், விண்ணப்பக் காலத்தில் பெரிய திட்டங்களின் இஷ்யூக்களில் இதை எனக்கு ஒதுக்குங்கள் என்று எழுதுகிறவர்களின் வரிசை நீளும். அந்த வரிசையில் நிற்பதைவிட, ஆறு மாதம் முன்பே ஒரு சிறிய செருகுநிரலில் கை வைத்திருப்பது நல்லது.

என் முதல் நிரல் மாற்றம் அப்படி ஒரு செருகுநிரலில்தான் நடந்தது. ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்தால் வரைபடம் அங்கே நகரும் தேடல் பெட்டி அது. 'கோவில்பட்டி' என்று தேடினால் கிடைக்கவில்லை. பட்டியலில் கண்ணெதிரே கோவில்பட்டி இருந்தது. இரண்டையும் எண்களாகப் பிரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. 'கோ' என்பதை ககரத்தோடு 3019 என்ற ஒரே குறியாகவும் எழுதலாம்; 3015 என்ற இரட்டைக்கொம்பு, 3006 என்ற துணைக்கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். யூனிகோட் தரம் இதற்காகவே, ஒரே எழுத்தின் வேறு வேறு வடிவங்களை ஒன்றாக்கும் இயல்பாக்கம் என்ற முறையை வரையறுத்திருக்கிறது; பைத்தானில் அதற்கான கருவி மொழியோடேயே வருகிறது. தேடும் சொல்லையும் பட்டியலில் உள்ள சொல்லையும் ஒப்பிடும் முன் இயல்பாக்கினால் முடிந்தது. மாற்றம் இரண்டே வரி.

அந்த இரண்டு வரியை அனுப்ப ஒரு வாரம் ஆயிற்று. திட்டத்தை என் கணக்கில் நகல் எடுத்து (ஃபோர்க்), அதில் தனிக் கிளை எடுத்து, மாற்றத்தை விவரிக்கும் கமிட் செய்தியை எப்படி எழுத வேண்டும் என்று அவர்களின் வழிகாட்டியைப் படித்து, நிரல் சரியாக ஓடுகிறதா என்று தானாகப் பார்க்கும் ஒரு சோதனையும் சேர்த்து, என் மாற்றத்தை ஏற்கக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினேன். சோதனையில் கோவில்பட்டி என்ற சொல்லை இருமுறை எழுதி, இரண்டும் சமம் என்று சரிபார்த்திருந்தேன். பராமரிப்பாளர் ஓர் ஐரோப்பியர். மிகவும் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார். இந்த இரண்டு சொற்களும் எனக்கு ஒரே மாதிரி தெரிகின்றன, இவற்றில் எது எந்த வடிவம் என்று எதிர்காலத்தில் இதைப் படிப்பவருக்கு எப்படித் தெரியும்? எனக்குச் சிரிப்பு வந்தது. தமிழ் படிக்கத் தெரிந்த எனக்கும் அவை ஒரே மாதிரிதான் தெரிந்தன. நாளை யாராவது ஒருவருடைய எடிட்டர் அந்த வரியைத் தானாகவே இயல்பாக்கிவிட்டால், சோதனை எதையும் சோதிக்காமலேயே வெற்றி என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஆகவே எழுத்துகளுக்குப் பதிலாக எண்களையே வைத்து எழுதி, பக்கத்தில் ஒரு விளக்கக் குறிப்பையும் சேர்த்தேன். ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார், ஆனால் இன்னும் உள்ளே சேர்க்கவில்லை.

அந்த உற்சாகத்தில் செய்த அடுத்த வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில் தட்டச்சு செய்யும் பலர் 'கௌ' என்பதற்கு 3020 என்ற ஔகாரக் குறியை இடாமல், ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக இட்டு வைக்கிறார்கள். சென்னைக்குத் தெற்கே உள்ள கௌரிவாக்கத்தை இப்படி எழுதினால் தேடலில் கிடைக்காது. இயல்பாக்கமும் இங்கே உதவாது, ஏனென்றால் யூனிகோடைப் பொறுத்தவரை அது வேறு எழுத்து. கொம்புக்குப் பின் ளகரம் வந்தால் அதை ஔகாரமாக மாற்று என்று ஒரு விதியை எழுதி, முந்தைய மாற்றத்தின் கூடவே சேர்த்து அனுப்பப் பார்த்தேன். ஒரு புல் ரிக்வெஸ்டில் ஒரு மாற்றம் மட்டும், இதைத் தனியாக அனுப்புங்கள் என்றார் பராமரிப்பாளர். அப்போது அது சடங்காகத் தோன்றியது. தனியாக அனுப்புவதற்கு முன், விதியைத் தமிழ்நாட்டின் ஊர்ப் பெயர்கள் அனைத்தின் மீதும் ஓட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது, ஓட்டினேன். வெள்ளக்கோவிலில் வெகரத்தின் கொம்பும் அடுத்த ளகரமும் சேர்ந்து வௌகாரமாகிவிட, ளகரத்தின் புள்ளி தலையில்லாமல் அந்தரத்தில் தொங்கியது. வெள்ளம், தெளிவு, கெளுத்தி என்று கொம்பும் ளகரமும் முறையாகவே அடுத்தடுத்து வரும் சொற்கள் தமிழில் எத்தனையோ உண்டு என்பது எனக்குத் தெரியாததில்லை. நிரல் எழுதும்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அது முதல் மாற்றத்தோடு சேர்ந்து உள்ளே போயிருந்தால், தமிழ் தெரியாத அந்தப் பராமரிப்பாளரால் கண்டுபிடித்திருக்க முடியாது. தமிழ் தெரிந்த ஒரே ஆளாக அங்கே நான் இருந்தேன், நானே பிழையைச் செய்தேன்.

விதியைக் கைவிட்டுவிட்டு, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே பிழையாக இருக்கும் பெயர்களைத் திருத்தலாம் என்று முடிவு செய்தேன். அங்கேயும் நிரலால் மொத்தமாக மாற்றிவிட முடியாது; தானியங்கித் திருத்தங்களுக்கு முன்கூட்டியே அறிவித்துக் கலந்து பேச வேண்டும் என்று நெறிமுறை இருக்கிறது. எங்கள் மாவட்டத்துப் பெயர்களை மட்டும் வடிகட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தினேன். தெருக்களும் கடைகளும் கோயில்களுமாக, இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

கடைசியாக ஒரு மளிகைக் கடை மிஞ்சியது. கௌரி ஸ்டோர்ஸ். பெயர்ப் பலகைதான் இறுதிச் சான்று என்ற விதியின்படி நேரில் போய்ப் படம் எடுத்துவந்தேன். மஞ்சள் பின்னணியில் சிவப்பு வண்ணத்தில் கையால் எழுதிய பலகை. கொம்பு, ககரம், பிறகு ளகரம் போல ஒன்று, மற்ற எழுத்துகளின் அதே உயரத்தில். அது ஔகாரத்தின் வால்பகுதியா, முழு ளகரமா என்று எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் தெரியவில்லை. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "கௌரின்னுதாம்ப்பா எழுதச் சொன்னேன், ஏன், தப்பா இருக்கா?" என்று பலகையை அண்ணாந்து பார்த்தார். தப்பு இல்லை என்று சொல்லிவிட்டு வந்து, 3020 என்ற எண்ணை இட்டுச் சேமித்தேன்.